ஆங்கிலச் சொல்வளம்: அரிய சொற்களுக்கு முன் கற்க வேண்டியவை

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்பிப் புத்தகக் கடைக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கிறது. ஆயிரம் சொற்கள், மூவாயிரத்து ஐந்நூறு சொற்கள் என்று அட்டையிலேயே எண் போட்டிருக்கும். உள்ளே அகர வரிசை: அபேஸ், அபேஷ், அபேட். முதல் பக்கத்திலேயே ஒலியால் ஒன்றையொன்று ஒத்த மூன்று சொற்கள். முதலாவது தாழ்த்துவதைக் குறிக்கிறது, அடுத்தது கூச வைப்பதை, மூன்றாவது தணிவதை. ஊக்கத்தோடு தொடங்கும் மாணவர்களில் பலர் முதல் சில எழுத்துகளைத் தாண்டுவதில்லை. அதைச் சோம்பல் என்றும் நினைவுக் குறைவு என்றும் சொல்லிவிடுகிறார்கள். அது அந்த மாணவர்களுக்கு இழைக்கும் அநியாயம். குறை பட்டியலில் இருக்கிறது; அதைவிட, உயர்நிலைச் சொல்வளம் என்றாலே அரிய சொற்கள்தான் என்று நாம் கொண்டிருக்கும் எண்ணத்தில் இருக்கிறது.

தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஆங்கிலக் கலைச்சொற்கள்தான் பெரிய சுவர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒளிச்சேர்க்கை என்னவென்று நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு ஃபோட்டோசிந்தசிஸ் என்ற பெயர் ஒரு நாளில் பழகிவிடும். முடுக்கம் தெரிந்தவருக்கு அக்சலரேஷன் புதிய பெயர் மட்டுமே, புதிய பாடம் அல்ல. பாடநூல் முழுவதும் அது வந்துகொண்டே இருக்கும். ஆசிரியரும் கரும்பலகையில் எழுதி விளக்குவார். மாணவர் உண்மையில் தடுக்கி விழுவது வேறிடத்தில். கணக்கின் முதல் வரியில் 'இப்படி வைத்துக்கொள்' என்று சொல்லும் 'அஸ்யூம்', விடைகளை வரிசைப்படி பொருத்தச் சொல்லும் 'ரெஸ்பெக்டிவ்லி', ஒன்றைப் பொருட்படுத்தாமல் என்னும் 'இர்ரெஸ்பெக்டிவ் ஆஃப்', இரண்டை எதிரெதிரே நிறுத்தும் 'வேர்ஆஸ்'. இவற்றை எந்த வகுப்பிலும் யாரும் விளக்குவதில்லை. ஆங்கில ஆசிரியர் இவை அறிவியலுக்கு உரியவை என்று விடுகிறார். அறிவியல் ஆசிரியர் இவை வெறும் ஆங்கிலம் என்று விடுகிறார்.

இந்தச் சிக்கல் நம்மிடம் மட்டும் இல்லை. பிரிட்டனில் கேசல்ஸ், ஜான்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களில் பள்ளி மாணவர்களிடம் இதை ஆராய்ந்தார்கள். அறிவியல் வகுப்பில் மாணவர்களைக் குழப்பியவற்றில் கலைச்சொல் அல்லாத, சாதாரணமாகத் தோன்றும் சொற்களே பல இருந்தன. எளிதில் ஆவியாவதைக் குறிக்கும் 'வொலடைல்' என்ற சொல்லை, வெடிக்கக்கூடியது, நிலையற்றது என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலச் சூழலிலேயே வளரும் பிள்ளைகளுக்கே இப்படி என்றால், இரண்டாம் மொழியாகக் கற்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தச் சொல்லை முதலில் கற்பது என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வந்த ஆங்கிலேயர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்க மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு பக்கத்தைச் சரளமாக வாசிக்க முடியாமல் திணறுவதை அவர் கண்டார். காரணத்தை மாணவர்களிடம் தேடாமல் பாடநூல்களில் தேடினார் என்பதுதான் அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்த நூல்களில் இரண்டு குறைகள் இருந்தன. பழைய இலக்கியச் சொற்கள் தேவையில்லாமல் மலிந்திருந்தன. புதிய சொற்கள் மூச்சுவிட இடமில்லாமல் அடுத்தடுத்து வந்தன. 'ஐல்' என்றிருந்த இடத்தில் 'ஐலன்ட்', 'ஏர்' என்றிருந்த இடத்தில் 'பிஃபோர்' என்று மாற்றினார். ஒரு புதிய சொல்லுக்கும் அடுத்த புதிய சொல்லுக்கும் நடுவில் போதிய இடம் விட்டு, அறிமுகப்படுத்திய சொல் திரும்பத் திரும்ப வரும்படி வாசக நூல்களை எழுதினார். வங்கத்தில் இருமொழிக் கல்வி பற்றிய அவருடைய விரிவான அறிக்கை 1926இல் வெளிவந்தது. 1935இல் அவரும் எண்டிகாட்டும் சேர்ந்து வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. இன்று கற்போருக்கான ஆங்கில அகராதிகள் குறிப்பிட்ட எளிய சொற்களுக்குள் நின்று பொருள் சொல்வது இந்த மரபில் வந்ததுதான்.

1953இல் அவர் வெளியிட்ட பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் இருந்தன. அதன் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால், ஒவ்வொரு பொருளும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் விழுக்காட்டில் காட்டியது. ஐம்பது லட்சம் சொற்கள் கொண்ட உரைகளைக் கணினி இல்லாத காலத்தில் மனிதர்கள் கையால் எண்ணிப் பெற்ற கணக்கு அது.

அந்த இரண்டாயிரம் சொற்களைக் கடந்தபின் எங்கே போவது? நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் இதற்கு விடை தேடினார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு துறைகளிலிருந்து 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி உரைகளைத் திரட்டினார். வெஸ்டின் பட்டியலில் உள்ளவற்றை நீக்கிவிட்டு, நான்கு துறைகளிலும் பரவலாக வருபவற்றைப் பிரித்தெடுத்தார். கிடைத்தவை 570 சொற்குடும்பங்கள். 2000ஆம் ஆண்டில் இந்தப் பட்டியல் வெளிவந்தது. சொற்குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும்: டிஃபைன், டெஃபினிஷன், ரீடிஃபைன் எல்லாம் ஒரே குடும்பம்.

அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும் முதல் அறுபது குடும்பங்களைப் பார்த்தால் ஒருவருக்கும் மிரட்சி வராது. அனலைஸ், அப்ரோச், அஸெஸ், கன்சிஸ்ட், டெரைவ், எவிடன்ட், இன்டிகேட், இன்டர்பிரெட், இன்வால்வ், சிக்னிஃபிகன்ட், வேரி. பகட்டே இல்லாத சொற்கள். ஆனால் இந்த 570 குடும்பங்கள் மட்டும் கல்வி உரைகளில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டை நிரப்புகின்றன. அதாவது பத்துச் சொல்லுக்கு ஒன்று. வெஸ்டின் இரண்டாயிரம் நிரப்பும் 76 விழுக்காட்டோடு சேர்த்தால் 86 ஆகிறது. அரிய சொற்களின் பட்டியலில் எந்த 570ஐத் தேர்ந்தெடுத்தாலும் இதன் அருகில்கூட வர முடியாது.

காக்ஸ்ஹெட் இன்னொன்றையும் செய்துபார்த்தார். அதே அளவுள்ள கதை இலக்கியத் தொகுதியில் இந்த 570 குடும்பங்கள் எவ்வளவு வருகின்றன என்று எண்ணினார். 1.4 விழுக்காடுதான். 'நிறைய நாவல் படி, ஆங்கிலம் தானாக வரும்' என்று நாம் எல்லோரும் சொல்லும் அறிவுரையை இந்த எண் கொஞ்சம் திருத்துகிறது. நாவல் மொழியின் ஓட்டத்தைத் தரும், உரையாடலைத் தரும், மனித மனத்தின் நுணுக்கங்களுக்கான சொற்களைத் தரும். ஆய்வுக் கட்டுரையை வாசிக்கவும் எழுதவும் வேண்டிய சொற்கள் தலையங்கத்திலும் பொது அறிவியல் கட்டுரையிலும் வரலாற்று நூலிலும்தான் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். இரண்டும் வேண்டும், ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்ட முடியாது.

இதற்கும் மேலே ஒரு பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கு: நாவலையோ நாளிதழையோ துணையில்லாமல் வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும்; பேச்சைப் புரிந்துகொள்ள ஆறாயிரம் முதல் ஏழாயிரம் போதும். உரையில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலின்மேல் அமைந்த கணக்கு இது. 98 என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கும்; முந்நூறு சொல் கொண்ட பக்கத்தில் ஆறு. 95 விழுக்காட்டுக்கு இறங்கினால் அதே பக்கத்தில் பதினைந்து. மூன்று விழுக்காடு சிறிய வித்தியாசமாகத் தெரியலாம். பதினைந்து இடங்களில் தடுக்கியபடி ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்தவருக்கு அது சிறியதல்ல என்று தெரியும்.

ஆக, மூவாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடைப்பட்ட பகுதிதான் உயர்நிலைச் சொல்வளம் என்று நான் கருதுகிறேன். நம் பள்ளிக் கல்வி மூவாயிரத்தின் அருகில் கைவிட்டுவிடுகிறது. போட்டித் தேர்வுப் புத்தகங்களோ பெர்ஸ்பிகேஷியஸ், அப்ஸ்ட்ரெபெரஸ் போன்று ஒன்பதாயிரத்துக்கு அப்பாலிருக்கும் சொற்களைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நடுவிலுள்ள ஆறாயிரத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

தேர்வுகளே இந்தப் போக்கிலிருந்து மாறிவிட்டன. அமெரிக்காவில் மேற்படிப்புக்கு முயலும் நம் மாணவர்கள் எழுதும் ஜிஆர்இ தேர்வில் எதிர்ச்சொல் வினாக்களும் சொல்லுறவு வினாக்களும் 2011இல் நீக்கப்பட்டன. தனிச்சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் மதிப்பெண் என்ற நிலை அத்துடன் முடிந்தது. இப்போது வாக்கியத்தின் போக்கை உணர்ந்து இடைவெளியை நிரப்ப வேண்டும். ஆறு சொற்களில், வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே மாணவர்களை வீழ்த்துபவற்றில் பழகிய முகம் கொண்ட சொற்களும் இருக்கின்றன. 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது என்று எல்லோருக்கும் தெரியும். சொன்ன கருத்தை ஓரளவு வரையறுத்துக் குறைத்துச் சொல்வதையும் அது குறிக்கும். 'செக்' சரிபார்ப்பது மட்டுமல்ல, தடுத்து நிறுத்துவதும்கூட. 'சாங்ஷன்' ஓரிடத்தில் அனுமதி, வேறோரிடத்தில் தண்டனைத் தடை. தெரியாத சொல்லைக் கண்டால் எச்சரிக்கையாவது வரும். தெரிந்ததாக நினைக்கும் சொல் எச்சரிக்கையே தராது.

ஒரு சொல்லைத் தெரிந்திருப்பது என்றால் என்ன என்பதை இங்கே நின்று யோசிக்க வேண்டும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் ஒரு குழு பல லட்சக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான ஆங்கில உரைகளைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தது. 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி அதன் விளைவு. அந்த வகை ஆய்வுகளில் வெளிப்பட்ட உண்மைகளில் ஒன்று: சொற்கள் தனியாக வாழ்வதில்லை, அவற்றுக்கு நிலையான கூட்டாளிகள் உண்டு. 'காஸ்' என்ற வினைச்சொல்லை அகராதி உண்டாக்கு, காரணமாகு என்று நடுநிலையாகச் சொல்லும். உண்மை உரைகளில் அதன் பின்னால் வருபவை பெரும்பாலும் சிக்கல், சேதம், மரணம், கவலை. நல்லதைச் சொல்ல அதே இடத்தில் 'பிரிங்', 'புரொவைட்' என்று வேறு சொற்கள் வருகின்றன. 'செட் இன்' என்ற தொடரும் அப்படித்தான். அழுகல், தளர்ச்சி, விரக்தி போன்றவைதான் பெரும்பாலும் அதற்கு எழுவாய் ஆகின்றன.

தமிழ் வாசகருக்கு இதை நெடுக விளக்க வேண்டியதில்லை. விபத்து நேர்ந்தது என்கிறோம், இழப்பு நேர்ந்தது என்கிறோம். திருமணம் நேர்ந்தது என்று யாராவது எழுதினால் உடனே காது உறுத்துகிறது. எந்த இலக்கணமும் இதை நமக்குக் கற்றுத் தரவில்லை. ஆயிரம் முறை கேட்டுப் படிந்தது. சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஒரே பொருளைச் சொன்னாலும் எது எந்தப் பந்தியில் வரும் என்று தெரிந்திருக்கிறோமே, அந்த அறிவும் அப்படி வந்ததுதான். ஆங்கிலத்திலும் இதே அடுக்குகள் உண்டு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு வந்தது. பின்னால் மறுமலர்ச்சிக் காலக் கல்வியோடு லத்தீன், கிரேக்கச் சொற்கள் பெருவாரியாக நுழைந்தன. அதனால்தான் ஆஸ்க், கொஸ்டின், இன்டெராகேட் என்று ஒரே செயலுக்கு மூன்று படிகள். முதலாவது வீட்டில் நடப்பது. கடைசியானது காவல் நிலையத்தில் நடப்பது. மூன்றுக்கும் 'கேள்' என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்தவர், நண்பரை இன்டெராகேட் செய்ததாக எழுதிவிடக்கூடும்.

இந்த அடுக்குகளை அறிந்தால் வேர்ச்சொல் வழியும் திறக்கிறது. காக்ஸ்ஹெட்டின் பட்டியலில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டவை லத்தீன், கிரேக்க வழியில் வந்தவை. பார்ப்பதைக் குறிக்கும் 'ஸ்பெக்ட்' என்ற வேர் இன்ஸ்பெக்ட், ப்ராஸ்பெக்ட், ரெட்ராஸ்பெக்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. உள்ளே, முன்னே, பின்னே என்ற முன்னொட்டுகளைச் சேர்த்தால் பொருள் கைக்கு அருகில் வந்துவிடும். ஆனால் இதை நினைவுக்கு ஊன்றுகோலாகக் கொள்ளலாமே ஒழிய, தெரியாத சொல்லை ஊகிக்கும் முதல் கருவியாகக் கொள்ளக் கூடாது. இஸ்ரேலிய மொழியியலாளர் பாட்யா லாஃபர் இதைக் கற்போரிடம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். குறைபாடுகள் என்னும் 'ஷார்ட்கமிங்ஸ்' சிலருக்குக் குறுகிய வருகைகளாகத் தெரிந்தது. தவறே செய்யாத என்னும் 'இன்ஃபாலிபிள்' கீழே விழாத என்று பிரிபட்டது. முதலில் வாக்கியத்தைக் கொண்டு ஊகிப்பது, பிறகு அகராதி, அதன் பிறகு வேரைப் பார்த்து மனத்தில் பதிப்பது. இந்த வரிசைதான் பாதுகாப்பானது.

இனி நினைவு. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில் மறதி செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது. ஒரே அமர்வில் இருபது முறை படிப்பதைவிட நாள்களை இடைவிட்டுச் சில முறை படிப்பது மேல் என்பதும் அவருடைய காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் இதை, சொல்லும் பொருளும் எழுதிய அட்டைகளை வைக்கும் பல அறைகள் கொண்ட ஒரு பெட்டியாக மாற்றினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அங்கே அது நீண்ட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் வரும். தவறவிட்ட அட்டை முதல் அறைக்குத் திரும்பும். இன்றைய சொற்பயிற்சிச் செயலிகளின் அடிப்படை இதுதான்.

திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வது எவ்வளவு வலியது என்பதை கார்பிக், ரோடிகர் என்ற உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனை காட்டியது. மாணவர்களுக்கு நாற்பது ஸ்வாஹிலிச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் தரப்பட்டன. ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட சொற்களிலும் தொடர்ந்து தேர்வு வைக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தும் தேர்வு நிறுத்தப்பட்டவர்களிடம் 36 விழுக்காடுதான் தங்கியது. பட்டியலை மறுபடி மறுபடி கண்ணால் ஓட்டுவது உழைப்பு போலத் தெரியும். பொருளை மூடிவைத்துவிட்டு நினைவைத் துழாவும் அந்தச் சங்கடமான நொடிதான் வேலையைச் செய்கிறது.

ஒரே பொருள் கொண்ட சொற்களை ஒன்றாகத் திரட்டிக் கற்பது எளிது என்று பல பயிற்சிப் புத்தகங்கள் சொல்கின்றன. டிங்கம், வேரிங் ஆகியோர் 1990களில் செய்த சோதனைகள் இதற்கு எதிராக இருந்தன. பொருளால் நெருங்கிய புதிய சொற்களை ஒரே நேரத்தில் கற்றவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மற்றொன்றோடு பிணைந்து குழம்பியது. முதல் சொல் நன்றாகப் படிந்தபின் அதன் உறவுச்சொல்லைக் கொண்டுவருவது நல்லது. அபேஸ், அபேஷ், அபேட் போல ஒலியால் நெருங்கியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதும் முக்கியம். சொல்லும் அதன் தமிழ்ப் பொருளும் மட்டும் இருந்தால் அது பாதி வேலை. அந்தச் சொல்லை நீங்கள் சந்தித்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். சொல் இருக்கும் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். முன்னும் பின்னும் வரும் சொற்களோடு அது நினைவில் ஏறும். தமிழில் பொருள் எழுதக் கூடாது என்று சில ஆசிரியர்கள் கண்டிப்பு காட்டுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் அறிமுகத்துக்குத் தாய்மொழிப் பொருளைப் போல விரைவானது வேறில்லை. அதன் எல்லைகளை வாக்கியங்கள் பிறகு கற்றுத்தரும்.

அட்டை மட்டும் போதாது. சொற்களை அடிக்கடி வரும் வரிசையில் ஆயிரம் ஆயிரமாகப் பிரித்தால், ஒன்பதாவது ஆயிரத்தில் உள்ளவற்றைப் போதிய அளவு எதிர்கொள்ள ஏறத்தாழ முப்பது லட்சம் சொற்கள் கொண்ட வாசிப்பு வேண்டும் என்று நேஷன் கணக்கிட்டிருக்கிறார். ஒரு நூலுக்குத் தொண்ணூறாயிரம் சொல் என்று வைத்தால் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள். சில ஆண்டுகளில் எவரும் முடிக்கக்கூடிய அளவுதான். வாசிப்பும் அட்டையும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்: வாசிப்பில் இரண்டாம் முறை எதிர்ப்படும் சொல்லை மட்டும் அட்டைக்குக் கொண்டுவந்தால், அரிதினும் அரிதானவை தாமே வடிகட்டப்பட்டுவிடும்.

எழுதும்போது இந்தச் சொற்களை எப்போது பயன்படுத்துவது? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேனியல் ஓப்பன்ஹைமர் 2006இல் இதைச் சோதித்து வெளியிட்டார். மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதப்பட்ட கட்டுரைகளை எடுத்து, எளிய சொற்களுக்குப் பதிலாக நிகண்டிலிருந்து நீண்ட சொற்களைப் பொருத்தினார். கடினமாக்கப்பட்ட கட்டுரையை எழுதியவரை வாசகர்கள் குறைந்த அறிவுடையவராக மதிப்பிட்டார்கள். நம் மாணவர்களின் விண்ணப்பக் கட்டுரைகளில் தேர்வுப் புத்தகச் சொற்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களின் உழைப்பு அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. குறைந்தது மூன்று வெவ்வேறு எழுத்தாளர்களிடம், மூன்று வெவ்வேறு வாக்கியங்களில் பார்த்த சொல்லைத் துணிந்து எழுதலாம் என்பது என் அளவுகோல். அதுவரை அந்தச் சொல் வாசிக்கும்போது புரிந்தால் போதும். எழுத்தில் அந்த இடத்தை 'ஷோ', 'யூஸ்', 'ஹெல்ப்' போன்ற முதல் ஆயிரத்தின் சொற்கள் பார்த்துக்கொள்ளும்.